பச்சைக் கரும்பைப் பிளந்தவள்

தங்கமணிக்கு ஒரு பழக்கம். கரும்பு எவ்வளவு செழிப்பாக நின்றாலும் சரி, கொல்லைக்குள் புகுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டி, நெடுக்காகப் பிளந்து பார்ப்பாள். உள்ளே சிவந்திருந்தால் செவ்வழுகல் நோய். அந்தத் தூரையே பிடுங்கிக் கொளுத்திவிட்டுத்தான் சோறு. மூங்கில்துறைப்பட்டு ஊரே கேலி பேசும். பேசட்டுமே! போன வருஷம் சுற்றிலும் நோய் விழுந்து நாசமானபோது அவள் கரும்பு மட்டும்தான் ஆலைக்குப் போனது.

இத்தனை கெட்டிக்காரி, தன் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. அண்ணன் நாராயணசாமி பெருங்குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார், கூடப்பிறந்தவர்கள் நோவு இல்லாவிட்டாலும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று. தங்கமணியும் தம்பி செழியனும் தலையாட்டினார்கள். ஆட்டியதோடு சரி. கரும்பில் காய்ந்த சோகையை உரிக்கட்டும், தண்ணி கட்டட்டும் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். புதுத் தேதி வாங்கினால், பாழாய்ப்போன கரும்பு வெட்டு உத்தரவும் ஆலையிலிருந்து அதே நாளுக்கு வந்து நிற்கிறது!

"அடுத்த மாசம் பாத்துக்கலாம். நீ இல்லாம வெட்டாளுங்கள யாரு கட்டி மேய்க்கறது?" என்றான் புருஷன் அரங்கநாதன். அவளும் சரியென்று முந்தின நாள் காலை கத்தியோடு கொல்லைக்குள் போனாள். கை சும்மா இருக்குமா? ஒரு கரும்பைப் பிளந்தாள்.

"நல்லா கீற கரும்ப இன்னாத்துக்குப் பொளக்கற?" என்றான் பின்னாலேயே வந்த அரங்கநாதன்.

"வெளிய பச்சையா இருந்தா உள்ள நல்லா கீதுன்னு அர்த்தமா? முத்தினப்புறம் பாத்து இன்னா பிரயோஜனம்?"

சொன்ன சொல் தனக்கே உறைத்தது. கத்தியைக் கீழே போட்டாள். "வெட்டாளுங்க அடுத்த கொல்லைக்குப் போவட்டும். நான் நாளைக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அன்று பூரா குடலைக் கழுவும் மருந்துத் தண்ணியைக் குடித்துவிட்டு கக்கூசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். "இந்த நடைக்குக் கல்வராயன் மலையே ஏறியிருக்கலாம்!" என்று திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் எழில்மதி குடலில் இருந்த இரண்டு சின்னக் கட்டிகளை அன்றைக்கே எடுத்துவிட்டார். பரிசோதனை முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னும் புற்றுநோய் ஆகலைம்மா. விட்டிருந்தா ஆகியிருக்கும். இனிமே சொல்ற தேதிக்குத் தவறாம வந்துடுங்க."

தங்கமணிக்கு அண்ணனை நினைத்து அழுகை முட்டியது. அப்புறம் சிரிப்பு. அடக்கவே முடியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"எனக்கு இன்னாக்கா, கல்லு மாதிரி கீறேன்," என்றான் செழியன்.

"அண்ணனும் கல்லு மாதிரிதாண்டா இருந்தாரு! நான் ஜெயிச்சிக்கினு வந்து நிக்கறேன், பாத்துக்கோ. அவரத் தூக்கிக் குடுத்தாச்சி, உன்னையும் குடுக்க என்னால ஆவாது. கெளம்பு!"

செழியன் சட்டையைத் தேடினான். அக்கா அதை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தாள்.