நாலாவது சிலிண்டர்

எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்து ஆறு வாரமாகிறது. அன்றிலிருந்தே வண்டி மறுபடியும் புகைக்கிறது.

நீலப் புகை. எஞ்சின் எண்ணெய் எரிகிற புகை. ஆயர் குரோ சிக்னலில் பச்சை விழுந்து பவன் காலை அழுத்தியதும், பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் இருமிக்கொண்டே ஏதோ கத்தினான். என்ன கத்தினான் என்று காதில் விழவில்லை. விழத் தேவையும் இல்லை.

வண்டி அவனுடையது அல்ல. அவன் மனைவி அனுசியாவுடையது. உள்ளூர்த் தயாரிப்பு, பன்னிரண்டு வருடப் பழசு. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கினாள். ஏழு மாதத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். இந்த வண்டி தங்கை ஷாமினிக்கு என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷாமினிக்கு வருகிற ஒன்றாம் தேதி அலோர் காஜாவில் ஆசிரியர் வேலை. பெயர் மாற்றத்துக்கான தாள்களெல்லாம் தயார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன் ஒன்றுதான் பாக்கி. இந்தப் புகையோடு போனால் பார்த்த உடனேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாமனார் பரமேஸ்வரன் சனிக்கிழமைக்கு ஆளே சொல்லிவிட்டார். பழைய இரும்பு எடுக்கிற வீரப்பன் லாரியோடு வருவான்.

"வெள்ளிக்கிழமை பாஸாச்சா, பொண்ணு ஓட்டட்டும். இல்லையா, பெசி பூரோக்தான் மாப்ள, பழைய இரும்பு. நான் அவளுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜப்பான் காரு பார்த்துட்டேன். இருபது வருஷம் செம்பனை லோரி ஓட்டுனவன் சொல்றேன், லோக்கல் எஞ்சின ஒருதரம் தொறந்தா அப்புறம் அது எஞ்சினே இல்ல."

பவன் தலையை ஆட்டிவைத்தான். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கிளேபாங்குக்கு ஓட்டினான். கடற்கரைச் சாலையில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் காளிதாஸின் ஒர்க்ஷாப். ஓவர்ஹால் செய்தது அவர்தான்.

உள்ளே வழக்கம்போல் வாக்குவாதம். கிராப் வாடகைக் கார் ஓட்டும் சுகுமாரன் தன் ஜப்பான் காரில் சாய்ந்துகொண்டு பால் விடாத தே ஓ உறிஞ்சிக்கொண்டிருந்தார். பவனின் வண்டி நுழைந்ததுமே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அலாமாக்! கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்க லா."

"வாய மூடு" என்றார் காளிதாஸ், வேறொரு வண்டிக்கு அடியிலிருந்து.

"உண்மையத்தானே சொல்றேன். லோக்கல் எஞ்சினுக்கு மினியாக் ஹித்தாம், அந்தக் கருப்பு எண்ணெதான் சோறு. பெட்ரோலு சும்மா தொட்டுக்க."

"போன வருஷம் உன் கியர்பாக்ஸ் போனப்ப இந்த வாய் எங்க இருந்துச்சு?"

"அது வெள்ளத்துல ஓட்டுனது லா. மழைத் தண்ணி பூந்துடுச்சு."

"ஓ. ஜப்பான்ல மழையே பேயாதாக்கும்."

"மழைக்கும் பிராண்டுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்!"

இருவரும் சிரித்தார்கள். பவன் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. ஏழு மாதமாக இதுதான் நடக்கிறது. அவன் உள்ளே வந்தால் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

"அண்ணே, புகை ஏன் வருது?"

காளிதாஸ் எழுந்து கையைத் துடைத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். "இந்த மாடல் கொஞ்சம் அப்படித்தான் தம்பி."

"அப்படித்தான்னா?"

"கொஞ்சம் எண்ணெ குடிக்கும். ஓடஓட சரியாயிடும்."

"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டேன். போன வாரம் அரை லிட்டர் ஊத்துனேன்."

"கெட்டியான எண்ணெ போட்டுப் பாப்போம்."

பவனுக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது. அவன் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர். ஒரு பொருள் பழுதாகித் திரும்பி வந்தால் மூல காரணம் எழுதாமல் அந்த அறிக்கையை மூட முடியாது. 'அப்படித்தான்' என்று எழுதினால் மேலாளர் அதைச் சுருட்டி அவன் மேலேயே எறிவார். மருத்துவமனையிலும் அவன் காரணம் கேட்டான். இளம் டாக்டர், பாவம், கண்ணில் தூக்கம் நிறைந்திருந்தது. "சில பேருக்கு இப்படி ஆகிவிடுகிறது" என்றார். அந்த அறிக்கையை அவன் இன்னும் மூடவில்லை.

"மட்டமான பிஸ்டன் ரிங் போட்டீங்களா?" என்று கேட்டான்.

சுகுமாரன் கிளாஸைக் கீழே வைத்தார். காளிதாஸின் முகம் மாறியது. முப்பது வருடமாக அந்த இடத்தில் தொழில் செய்கிறவர். சண்டைக்கு வருவார் என்று பவன் எதிர்பார்த்தான். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு தம்பி. வண்டிய விட்டுட்டுப் போ. நான் பாக்கறேன்."

"என்னத்தப் பாப்பீங்க? காரணத்த சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்."

காளிதாஸ் மறுபடி அந்த வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். பவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பானெட்டைத் திறந்து நான்கு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினான். இதைச் செய்ய மெக்கானிக் தேவையில்லை. பிளக்கின் முனையைப் பார்த்தாலே உள்ளே என்ன எரிகிறது என்று தெரிந்துவிடும். பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தான். முதல் மூன்றும் காய்ந்து, பிஸ்கட் நிறத்தில் இருந்தன. நாலாவது கன்னங்கரேல் என்று, எண்ணெயில் ஊறியிருந்தது.

மாடல் மோசம் என்றால் நான்கும் ஊறியிருக்க வேண்டும். மட்டமான ரிங் என்றாலும் அப்படித்தான். ஒன்றே ஒன்று மட்டும் ஊறியிருந்தால் அது கை செய்த தப்பு.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, நாலாவது பிளக்கைத் தாளில் சுற்றி எடுத்துப்போய்க் காளிதாஸின் மேசைமேல் வைத்தான்.

"நாலாவது. மத்த மூணும் சுத்தம். நாலாவதுல என்ன செஞ்சீங்க?"

காளிதாஸ் பிளக்கைத் தொடவில்லை. "விட்டுடு தம்பி. நான் காசு வாங்காம தொறந்து மாத்திக் குடுக்கறேன்."

"காசு யார் கேட்டா? என்ன செஞ்சீங்கன்னு கேக்கறேன்."

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"அண்ணே, சொல்லிடுங்க" என்றார் சுகுமாரன் பின்னாலிருந்து. "பையன் உங்கள மட்டமா நினைக்கறான். எனக்கே பொறுக்கல."

காளிதாஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நாலாவது நான் போடல."

"வேற யாரு?"

"நீதான்."

பவனுக்கு முதலில் புரியவில்லை. காளிதாஸ் ஒரு பழைய மர பெஞ்சைக் காட்டினார்.

"எஞ்சின் பிரிச்சிருந்தப்ப தெனம் வேலை முடிஞ்சு வந்து அதுலதான் உக்காந்திருப்ப. பேச மாட்ட. போன நோண்ட மாட்ட. சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்ப. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. கையில எதாவது குடுத்தா நல்லதுன்னு, ஒரு சனிக்கிழமை அந்தப் பிஸ்டன எடுத்து உன்கிட்ட குடுத்து, ரிங்கப் போடுன்னேன். நான் சாப்பாடு கட்டிட்டு வர்றதுக்குள்ள போட்டு வச்சிருந்த."

பவன் யோசித்துப் பார்த்தான். பெஞ்ச் நினைவுக்கு வந்தது. சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனிக் காலண்டர் நினைவுக்கு வந்தது. கையில் பிஸ்டன் இருந்தது வரவில்லை. அனுசியா போனதிலிருந்து பல நாட்கள் இப்படித்தான், எங்கேயோ விழுந்துவிட்டன.

"நீங்க செக் பண்ணலையா?"

"பண்ணியிருக்கணும். படிச்ச எஞ்சினியரு போட்டதுன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. அத ஒத்துக்கறேன்."

"புகை வந்ததுமே தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிய்யா சொல்றது? இருக்கற நெலமையில உன்கிட்ட போயி, நீ பண்ண தப்புன்னு..."

"சொல்லணும்!" பவன் கத்தினான். அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. பக்கத்து மீ நூடுல்ஸ் கடையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "மாடல் மேல பழி போட்டீங்க. எங்க மாமா ஆறு வாரமா அவ வண்டிய குப்பைங்கறாரு. நானும் தலைய ஆட்டிக்கிட்டு நிக்கறேன். உங்களையே திருடன்னு சொல்லாத குறை. யாருமே எனக்கு எதையுமே நேரா சொல்றதில்ல. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?"

சுகுமாரன் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பவன் பிளக்கை எடுத்து மறுபடி தாளில் சுற்றினான்.

"தொறப்போம்" என்றான் கடைசியில். "ரெண்டு நாள் லீவு எடுக்கறேன். நானும் கூட இருக்கேன்."

புதன்கிழமை எண்ணெயை வடித்து, மேலே தலைப்பாகத்தையும் கீழே எண்ணெய்த் தட்டையும் கழற்றினார்கள். வியாழக்கிழமை காலையில் நாலாவது பிஸ்டனை மேல்வழியாகத் தள்ளி வெளியே எடுத்தார்கள். பிஸ்டனைச் சுற்றி மூன்று பள்ளங்கள், அவற்றில் ரிங்குகள். இரண்டாவது ரிங்கில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓர் எழுத்து பொறித்திருக்கும். அந்த எழுத்து மேலே பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ரிங் எண்ணெயைக் கீழே வழித்துத் தள்ளும். திருப்பிப் போட்டால் எண்ணெயை மேலே ஏற்றிவிடும்; ஏறிய எண்ணெய் எரியும்.

காளிதாஸ் விளக்கைப் பக்கத்தில் பிடித்தார். எழுத்து கீழே பார்த்திருந்தது.

"ம்" என்றான் பவன்.

அவ்வளவுதான். ஓர் எழுத்து. ஆறு வாரப் புகை.

"நான் போடட்டுமா?" காளிதாஸ் புது ரிங் பெட்டியைப் பிரித்தார்.

"நான் போடறேன். நீங்க பாருங்க. போட்டு முடிச்ச பிறகும் பாருங்க."

அவன் போட்டான். காளிதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் வாயை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு, எந்தத் தயவும் காட்டாமல், "மூணாவது ரிங்கோட வாய் தள்ளி வரணும். ரெண்டு வாயும் ஒரே நேரா நிக்குது. கழட்டு" என்றார். பவனுக்கு அது நன்றாக இருந்தது. கழற்றி மறுபடி போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே பரமேஸ்வரன் ஷாமினியோடு ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். பவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்த மறுவிநாடி குப்பென்று புகை கிளம்பி ஒர்க்ஷாப்பையே மறைத்தது.

"பாத்தியா!" என்றார் பரமேஸ்வரன், ஜெயித்தவர் மாதிரி. "நான் என்ன சொன்னேன்?"

"எக்ஸாஸ்ல தங்குன பழைய எண்ணெ எரியுது. பொறுங்க லா" என்றார் காளிதாஸ்.

"இன்னும் எத்தன நாளு பொறுக்கறது? லோக்கல் லோக்கல்தான்."

பவன் வண்டியிலிருந்து இறங்கினான். "மாமா, வண்டி மேல தப்பு இல்ல. காளிதாஸ் அண்ணன் மேலயும் இல்ல. ஒரு ரிங்க நான் தலைகீழா போட்டுட்டேன்."

பரமேஸ்வரன் அவனையும் புகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஜப்பான் காரா இருந்தா, நீ தலைகீழா போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்."

காளிதாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஷாமினி, "ப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள். பவனுக்கு வண்டியை அப்படியே கடலுக்குள் ஓட்டிவிடலாம் போலிருந்தது. ஏறி உட்கார்ந்தான். மாமனார் வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். ஷாமினி அவருடைய காரில் பின்னால் வந்தாள். புகை வருகிறதா என்று பார்த்துப் போனில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு அப்பா போட்ட உத்தரவு.

கடற்கரைச் சாலையில் முதல் மைலில் "வருதுப்பா" என்றாள். பிறகு "கொஞ்சமா வருது" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. "என்னாச்சு, தூங்கிட்டியா?" என்று பரமேஸ்வரன் அதட்டினார். "ஒண்ணும் வரல, அதான் பேசல" என்றாள்.

இன்ஸ்பெக்ஷன் வரிசையில் பதினொரு வண்டிகள் நின்றன. வெயில் ஏறியது. ஏசி போட்டால் எஞ்சின் சூடாகும் என்று பவன் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"அந்த ரிங்குல எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார் பரமேஸ்வரன் திடீரென்று.

"கீழ."

"போடறப்ப பாக்கலையா?"

இப்படி நேராக யாரும் அவனைக் கேட்டதில்லை. "தெரியல மாமா. போட்டதே ஞாபகம் இல்ல."

மாமனார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வண்டி நகர்ந்தது. பவனும் நகர்த்தினான்.

"எனக்கும் அவ போன மாசம் ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். "வீட்டுக்கு யாரு வந்தா, யாரு போனா... கட்டையில வச்சப்ப என்ன சட்டை போட்டிருந்தேன்னு உங்கத்தைகிட்ட கேட்டேன். அவளுக்கும் தெரியல."

பவன் அவர் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டான். அடுத்த இரண்டு வண்டிகளும் நகர்ந்தன.

அவர்கள் முறை வந்தது. ஒரு மலாய்க்காரப் பையன் எக்ஸாஸில் குழாயைச் செருகி, "தெக்கான், பாங்" என்றான். பவன் காலை அழுத்தினான். எஞ்சின் உறுமியது. "லாகி." இன்னும் அழுத்தினான். பின்கண்ணாடியில் அடுத்த வண்டியின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. பையன் திரையைப் பார்த்தான், எதையோ தட்டினான், போகச் சொல்லிக் கையசைத்தான்.

வெளியே வந்து மரநிழலில் நிறுத்தியதும் ஷாமினி ஓடி வந்தாள். "பாஸா அத்தான்?"

"பாஸ்."

பரமேஸ்வரன் சற்றுத் தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உலாத்தினார். அவர் குரல் இவர்களுக்கும் கேட்டது.

"வீரப்பா, நாளைக்கி வராத. வண்டி இல்ல... இல்லப்பா, வேற ஆளுக்கு விக்கல. ஓடுது. பொண்ணு ஓட்டப்போறா... ஆமா, லோக்கல்தான். ஏன், லோக்கல்னா உனக்கு என்ன லா எளக்காரம்?"