பத்து எண்ணுவதற்குள்

…இல்லை, இன்னும் சொல்கிறாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, 'இருக்கேன்', குளியலறைக் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நான் நிற்கிறேன், மடித்த துண்டையே மூன்றாவது தடவையாக மடிக்கிறேன், கொஞ்சம் விட்டு மறுபடியும், 'இருக்கேன்', யாரிடம் சொல்கிறாள், என்னிடமா? எழுபது நாள் காட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தாள் என் பெண், பதினாறு வயது, அடங்காத பிள்ளைகளைக் காட்டில் நடக்கவிட்டு மனதைச் சரிசெய்கிற முகாம், அங்கே இதுதான் பழக்கமாம், குளிக்கவோ ஒதுங்கவோ மரத்துக்குப் பின்னால் போனால் பத்து எண்ணுவதற்குள் ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும், குரல் நின்றால் ஆள் ஓடிவிட்டது என்று அர்த்தம். கூட்டிவரப் போனபோது வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், நான் எங்கே கேட்டேன், வாலு என்றே நான் கூப்பிடும் இவளுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை மண்… தாளிலும் எழுதிக் கொடுத்தாள், நான்கு பக்கம், படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், சேர்க்கும்போதும் அப்படித்தான் போட்டேன். 'இருக்கேன்.' வாலு என்று கூப்பிட இப்போது நாக்கு எழவில்லை, வாலைத்தான் ஒட்ட நறுக்கி அனுப்பியிருக்கிறார்களே.

கூடத்தில் இவர் தம் அக்காவிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார், "ஆளே மாறிட்டாக்கா, தங்கமா இருக்கா, சாப்பிட்ட தட்டக்கூட அவளே கழுவுறா…" கழுவினாளா? நான் பார்த்தேன், காலையில் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் தண்ணீர் ஊற்றி, விரலால் சுழற்றி, அதையே எடுத்துக் குடித்தாள், காட்டில் எச்சில் தண்ணீரைக்கூடக் கீழே கொட்டக் கூடாதாம், குடித்துவிட்டு 'நன்றிம்மா' என்றாள். நன்றியாம், எனக்கு, என் வயிற்றில் பிறந்தவள். முன்பெல்லாம் தட்டு பறக்கும், 'உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்' என்பாள், அரைமணி கழித்து அதே மூஞ்சியிடம் வந்து பசிக்குது என்று நிற்பாள், அந்தச் சண்டைக்காரியை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள்? போய்க் கேட்டால் திருப்பித் தருவார்களா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், குரங்காகவே முடிந்திருக்கக் கூடாதா, குரங்காவது கிட்ட வந்து கடிக்கும்.

கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை, இன்னும் அடைக்கவில்லை, மறுபடியும் தாழ்ப்பாள் வைக்க யாருக்கும் தைரியமில்லை. அன்றைக்கு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள், முதலில் கத்தினாள், அப்புறம் 'அம்மா, அம்மா' என்று சும்மா கூப்பிட்டாள், நான் சமையலறையில் இருந்தேன், எத்தனை நாள்தான் ஓடுவது, கத்தி அடங்கட்டும் என்று இருந்தேன், ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்கப் பேர் கூப்பிடுகிறவள் நான், மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடுவேன், வீட்டுக்கு வந்தால் காது தானாகவே அடைத்துக்கொள்ளும்… குரல் நின்று தண்ணீர் மட்டும் ஓடியபோதுதான் இவர் தோளால் இடித்து உடைத்தார். அவள் கையில் ஏழு தையல். தையல் பிரிப்பதற்குள் முகாமுக்குப் பேசிவிட்டேன், அத்தை வீட்டுக்குப் போறோம் என்று பொய் சொன்னேன், புது ஷூ வாங்கிக் கொடுத்தேன், அவள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, "எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டாள், எத்தனை மாதத்துக்கு அப்புறம் என் அபிப்பிராயத்தைக் கேட்டாள், நல்லாருக்கு என்றேன், வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள், கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பெண்ணைக் காப்பாற்றத்தானே செய்தேன், உயிரோடு இருக்கிறாளே, போதாதா… போதவில்லையே, ஏன்? அந்த ஷூதான் குதிகால் தேய்ந்து இதோ கதவோரம் கிடக்கிறது.

தண்ணீர் நின்றுவிட்டது. குரல் எங்கே? கடைசியாக எப்போது கேட்டது, கவனிக்காமல் விட்டேனே, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஒன்றுமில்லை, தள்ளினால் திறந்துகொள்ளும் கதவு, கை அதன் மேல்தான் இருக்கிறது, தள்ள வரவில்லை, இவரைக் கூப்பிடலாமா, கடவுளே மறுபடியும் வேண்டாம்… கதவு திறந்தது. உடை மாற்றி, ஈரத் தலையோடு நிற்கிறாள், முழுசாக நிற்கிறாள்.

"சத்தத்தையே காணோமே, பயந்துட்டேன்."

"நான் கூப்பிட்டுக்கிட்டேதான்மா இருந்தேன். 'கேக்குது'ன்னு நீங்க பதில் சொல்லணும். அங்க சொல்வாங்க. தாள்லகூடப் போட்டிருக்கே." குறையாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள், நீங்க என்றாள், இந்த வீட்டில் என்னை யார் நீங்க என்றது? "யாரும் சொல்லல. அதான் நிறுத்திட்டேன்."

"கேக்குதுடா," என்றேன், "கேட்டுச்சு, எல்லாம் கேட்டுச்சு."

"இப்ப வேணாம்மா, வெளில வந்துட்டேன்ல," என்று சிரித்தாள், துண்டை வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், முன்பு எப்படி அறைவாள்… நான் நின்ற இடத்திலேயே எண்ண ஆரம்பித்திருந்தேன், பத்து தாண்டிவிட்டது, பதினைந்து, இருபது, உள்ளே சத்தமில்லை, எதுவரைக்கும் எண்ண வேண்டும் என்று அந்தத் தாளில் போட்டிருக்குமோ என்னவோ.