பிரசாத் மேஸ்திரியின் தலைக்கு மேலே

கட்டட மேஸ்திரி பிரசாத்தின் தலைக்கு மேல் ஒரு கான்கிரீட் துண்டு நான்கு வருஷம் அந்தரத்தில் நின்றது. ஓர் ஆள் படுக்கிற நீளம், கட்டில் அகலம், நாலு விரல் கனம். ஒரு ஓரத்தில் மட்டும் கம்பி இரண்டு துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். அவன் நடந்தால் அது நகரும், நின்றால் நிற்கும், வீட்டுக்குள் போனால் கூரைக்கு மேலே காத்திருக்கும். வேட்டவலம் ரோட்டில் மேஸ்திரி வீடு எது என்று கேட்டு வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார், அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள், தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

துண்டு அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு லாட்ஜிலிருந்து வந்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம். பிரசாத்துக்கு டவுனுக்குள் இன்னொரு வேலை இருந்தது, அங்கேயும் தளம் போட நாள் குறித்தாகிவிட்டது. அவனிடம் இருந்ததோ ஒரே ஒரு செட் சவுக்குக் கட்டை. தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற அந்தக் கட்டைகளைக் கான்கிரீட் இறுகும் வரை அசைக்கக் கூடாது. சித்தாளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனாலும் ஒரே செட்டை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் வேலை பிடிக்கிற மேஸ்திரிகள் இந்த ஊரில் கம்மி இல்லை. இங்கே பிரித்து அங்கே கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த வாரம் மழை விடாமல் பிடித்திருந்தது. பிரசாத் விரல் கணுவால் தளத்தைத் தட்டிப் பார்த்தான். ஈரச் சத்தம் வந்தது. அப்போது காதுக்குள் ஒரு குரல், "இன்னா ஆயிடப் போவுது, எத்தினி தடவ பிரிச்சிருக்க" என்றது. அவன் சுத்தியலை எடுத்து முதல் கட்டையைத் தட்டினான். கடைசிக் கட்டை சாய்ந்தபோது ஓரத்துத் துண்டு பெயர்ந்து இறங்கியது. கீழே சிந்திக் கிடந்த ஜல்லியை அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் சந்திரம்மாளின் வலது பாதம் அதற்கு அடியில் மாட்டியது.

ஆட்கள் ஓடி வந்து துண்டைத் தூக்கிப் பிடித்தார்கள், அவளை வெளியே இழுத்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள். துண்டு கீழே வரவில்லை. சாவகாசமாக மேலே போய்த் தென்னை மர உயரத்தில், பிரசாத்தின் தலைக்கு நேராக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டும் வேணு சந்திரம்மாளை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். பிரசாத் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டான். வண்டிக்கு மேலே துண்டும் அதே வேகத்தில் வந்தது. அவள் பாதத்தைக் கணுக்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் லாட்ஜ் இன்ஜினியர் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கலவை நல்லாதான் போட்டிருக்கீங்க மேஸ்திரி. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா நின்னிருக்கும்" என்றார். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் சைட்டில் யாரோ ஒருவர், கட்டை பிரிக்கும்போது கீழே போகாதே என்று சொல்லியும் சந்திரம்மாள் போனாள் என்று சொல்லி வைத்தார். அப்படி யாரும் அவளைத் தடுத்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் அதுவே நின்றுவிட்டது. பிரசாத் மறுக்கவில்லை.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் துண்டின் மேல் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. சித்திரை வெயிலில் கொத்தனார்கள் பிரசாத்தைச் சுற்றியே வேலை செய்தார்கள். பௌர்ணமிக்கு நடக்க வந்த வெளியூர்க்காரர்கள் அவன் நிழலில் நின்று தண்ணீர் குடித்து, போகும்போது அவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன் என்று அவன் சொன்னாலும் கேட்கவில்லை. தீபத்து நாட்களில் தேர் வரும் வீதிப் பக்கம் வர வேண்டாம் என்று போலீஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். புது வீடு கட்டுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்தார்கள். கட்டாத வீட்டுக்கு மேலே உடைந்த தளம் வந்து நின்றால் நல்லதா என்பது அவர்கள் கேள்வி. அதனால் மேஸ்திரி வேலை குறைந்து, பிரசாத் மற்றவர்களிடம் பூச்சு வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஷீட் போட்ட ஒரு சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் அங்கே சாட்சி நேரம். ஆட்கள் எழுந்து நின்று அந்த வாரம் நடந்ததைச் சொல்வார்கள். நல்லது நடந்திருந்தால் ஆண்டவர் செய்தார், கெட்டது நடந்திருந்தால் சாத்தான் செய்தான். குடித்துவிட்டு வந்தவனும், மாமியாரைத் திட்டினவளும், அரிசியில் கல்லைக் கலந்தவனும் அப்படித்தான் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் சபை அல்லேலூயா என்றது, அவரவர் லேசாகி உட்கார்ந்தார்கள். இந்தக் கணக்கில் பல வருஷமாக அந்தச் சபைக்குள் எந்த மனுஷனும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. பிரசாத்தும் எழுந்து, சாத்தான் என் காதில் பேசினான், என் கையைப் பிடித்துக் கட்டையைத் தட்ட வைத்தான், இப்போது என் தலைக்கு மேலே கல்லைத் தொங்கவிட்டிருக்கிறான், ஜெபம் பண்ணுங்கள் என்றான். அப்பாசாமி போதகர் உபவாசம் இருந்து ஜெபித்தார். ஏணி போட்டு ஏறித் துண்டில் எண்ணெய் பூசினார். அதட்டினார். துண்டு அசையவில்லை, எண்ணெய்க்கு எறும்பு மட்டும் வந்தது.

பிரசாத் வாராவாரம் சாட்சி சொன்னான். துண்டு வாராவாரம் கொஞ்சம் இறங்கியது. முதல் வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாம் வருஷம் அவன் மனைவி ராணியம்மாள் மொட்டை மாடியில் ஸ்டூல் போட்டு அதன் மேல் கருவாடு காய வைத்தாள், பூனை ஏறாத இடம் என்று அவளுக்குச் சந்தோஷம். பிறகு ஸ்டூல் தேவைப்படவில்லை. பிறகு மாடியே தேவைப்படவில்லை. துண்டு கூரைக்குக் கீழே இறங்கியதும் பிரசாத்தால் வீட்டுக்குள் நுழைய முடியாமல் போய், வாசலில் கட்டில் போட்டுப் படுத்தான். சபையிலும் அப்படித்தான். வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, ஜன்னல் வழியாக நீட்டிய மைக்கில் சாட்சி சொன்னான். மரக்கிளை நாலைந்தை வெட்ட வேண்டியிருந்தது.

நான்காம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, காய்ந்த கருவாட்டை எடுக்க வந்த ராணியம்மாள் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

"யோவ். சனிக்கெழம நீ குந்தியிருந்தப்ப உன் தலைக்கு மேல மொழம் இருந்துச்சு. இன்னிக்கு சாண்தான் கீது. சபையில இன்னா சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான். சாத்தான் சோதிச்சான்னு."

"சாத்தானா வந்து கட்டைய தட்டுனான்? அவனுக்கு சுத்தி புடிக்கத் தெரியுமா?"

"கொரல் கேட்டுச்சுடி."

"கேட்டுச்சு, சரி. யாரு கொரல் மாதிரி இருந்துச்சு?"

பிரசாத் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். பீடிப் புகையில் கட்டிப்போன தொண்டை, கடைசி வார்த்தையை இழுக்கிற இழுப்பு. அது யாருடையது என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

ராணியம்மாள் போய்ப் போதகரை அழைத்து வந்தாள். துண்டின் கீழே பிரசாத் குந்தி உட்கார்ந்திருந்ததால் அவரும் தரையில் உட்கார்ந்தார். பிறகு, சாத்தான் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அவன் இருக்கிறான், கூப்பிடுவான், கூப்பிடுவதுதான் அவன் வேலை, ஆனால் அவனுக்குக் கை கிடையாது, கை நம்முடையது என்றார். தோட்டத்தில் பழத்தைத் தின்ற முதல் இரண்டு பேரும் இதைத்தான் செய்தார்கள், அவன் பெண்ணைக் காட்டினான், அவள் பாம்பைக் காட்டினாள், தின்றேன் என்பதை மட்டும் முணுமுணுத்தார்கள் என்றார். "நானும் ஏணி போட்டு ஏறி எண்ணெ பூசினேனே தவிர, நீ என்ன செஞ்சேன்னு உன்னைக் கேக்கல பிரசாத்து. அதுக்கு நான்தான் பொறுப்பு" என்று எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசாத் சாட்சி சொல்லவில்லை. துண்டு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஆனால் அதற்குள் அவனால் நிமிர முடியாத நிலை வந்திருந்தது. தவழ்ந்து போய்த்தான் குளித்தான். எழப் பார்த்தால் கம்பி முனை கழுத்தில் கீறியது. இன்னும் ஒரு சாட்சிக்குத் துண்டு இறங்கினால் ஆள் தாங்க மாட்டான் என்பது தெருவுக்கே தெரிந்தது. வேணு தானாகவே குட்டியானையைக் கொண்டு வந்து நிறுத்தினான். பிரசாத் வண்டியில் மல்லாந்து படுத்தான், மூக்குக்கு மேலே துண்டு. போக வேண்டியது கீழ்பென்னாத்தூர் தாண்டிச் சந்திரம்மாளின் ஊருக்கு. வழியெல்லாம் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், வேணு ஜன்னலில் தலையை நீட்டி, "சாவு வண்டி இல்லப்பா, உசுரோடதான் கீறாரு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

சந்திரம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கக்கத்துக் கட்டை சாய்த்து வைத்திருந்தது. பிரசாத் வண்டியிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து அவள் முன்னால் நின்றான், நாலு காலில்.

"இன்னா மேஸ்திரி, ஆமை மாதிரி வர்ற?"

"அது வந்துக்கா... அன்னிக்கு அந்த லாட்ஜ்காரரு ரொம்ப அவசரப்படுத்திட்டாரு."

துண்டு இறங்கி அவன் முதுகைத் தொட்டது.

"மழை வேற. சிமெண்டு இறுகல."

முதுகில் அழுத்தியது. அவன் முழங்கை மடங்கியது. வேணு ஓடி வந்து துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், மலையைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது.

"சாத்தான் வந்து..." என்று பிரசாத் ஆரம்பித்தான். கன்னம் மண்ணில் பதிந்தது. விலா எலும்பு நெரிந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. மல்லாட்டைத் தோல் ஒன்று அவன் உதட்டில் ஒட்டிக்கொண்டது. இருந்த காற்றையெல்லாம் திரட்டி, "நான்தான்" என்றான். "பச்சையா கீதுனு தெரியும். தட்டிப் பாத்தேன். தெரிஞ்சேதான் பிரிச்சேன். கீழ போவாதனு உன்கிட்ட யாரும் சொல்லல. சொன்னாங்கனு சொன்னப்ப நான் வாய மூடிக்கினு இருந்தேன்."

துண்டு விலகியது. முதுகை விட்டு ஒரு சாண், ஒரு முழம், பிறகு ஆள் உயரம். பிரசாத் எழுந்து உட்கார்ந்து இருமினான். சந்திரம்மாள் துண்டைப் பார்க்கவில்லை. உரித்த பருப்பு கையிலேயே இருந்தது.

"ஒருத்தரும் சொல்லலியா?"

"இல்லக்கா."

"நான் போன எடம்தான் தப்புனு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன். சொல்லியிருப்பாங்க, எனக்குத்தான் காது கேக்கல, புத்தி கெட்டுப் போய்ட்டேன்னு. ராத்திரியில எத்தினி தடவ என்னையே திட்டிக்கினு படுத்திருக்கேன் தெரியுமா?" அவள் பருப்பை முறத்தில் போட்டாள். "காலு வருமா மேஸ்திரி?"

"வராது."

"வராதுதான்" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள், வயிற்றின் அடியிலிருந்து வந்த மூச்சு. சொல்லி முடித்தவனைவிடக் கேட்டு முடித்தவளுக்குத்தான் ஜாஸ்தி பாரம் இறங்கியது போல் இருந்ததாக வேணு பின்னால் சொன்னான்.

துண்டு அதற்குள் முதல் முறையாகப் பிரசாத்தின் தலையை விட்டுத் தனியாக நகர்ந்தது. முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்பக்கம் போனது. அங்கே நாலு சுவர் மட்டும் எழுப்பிவிட்டு, கட்ட வந்தவர்கள் கூரை போடாமலே போய்விட்ட கக்கூஸ் ஒன்று நின்றது. சந்திரம்மாள் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் அதைத்தான் பயன்படுத்தினாள். துண்டு அதன் மேல் மூட்டை இறக்குகிற ஆளின் நிதானத்தோடு இறங்கி உட்கார்ந்தது. ஒரு மூலையில் கையகலம் போதவில்லை, வாசல் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டது.

சந்திரம்மாள் கட்டையை ஊன்றிப் போய்ப் பார்த்தாள். "மழையில நனைஞ்சிக்கினே உக்காந்து சலிச்சிப் போச்சு. இங்க எறங்குனது சரிதான்" என்றவள், நிமிர்ந்து நின்று முதுகெலும்பு நெட்டி முறிய வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிரசாத்தைத் திரும்பிப் பார்த்து, "சும்மா பாத்துக்கினு நிக்காத மேஸ்திரி. முட்டு குடு. மறுபடியும் என் தலையில வுழப் போவுது" என்றாள்.

அவன் அன்று பொழுது சாய்வதற்குள் சவுக்குக் கட்டை வாங்கி வந்து, நீட்டிய பக்கத்துக்கு இரண்டு முட்டுக் கொடுத்தான். போதாத மூலையைக் கலவை வைத்து அடைத்தான். மறுநாள், அன்றைக்கு விசாரித்தவர்களிடம் போய், நடந்தது இதுதான் என்று சொன்னான். அது முடிந்து நாளாகிவிட்டதே என்றார்கள். பரவாயில்லை, எழுதிக்குங்க என்றான். லாட்ஜுக்கு இன்று வரை போர்ட்டிகோவில் ஒரு ஓரம் கம்மிதான், அங்கே தொட்டிச் செடி வைத்து மறைத்திருக்கிறார்கள்.

பிரசாத்துக்கு மேஸ்திரி வேலை திரும்பக் கிடைத்தது. இப்போது அவனிடம் ஒரு வேலைக்கு மேல் யாரும் கொடுப்பதில்லை, அவனும் கேட்பதில்லை. வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிறான். ராணியம்மாள் கருவாட்டுக்கு வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள், பூனை விடவில்லை. ரயில்வே கேட் சபையில் சாட்சி நேரம் இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. யாராவது எழுந்து சாத்தான் என்று ஆரம்பித்தால், போதகர் உட்பட எல்லோரும் ஒருமுறை மேலே ஷீட்டை அண்ணாந்து பார்க்கிறார்கள். சொல்ல வந்தவரும் பார்க்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் என்று மாற்றி ஆரம்பிக்கிறார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பிரசாத் அந்தக் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறான். எப்போதோ இறுகிவிட்டது, முட்டு தேவையில்லை. ஆனால் சந்திரம்மாள் உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்தச் சவுக்குக் கட்டைகளைத்தான் பிடித்துக்கொள்கிறாள். பிரிக்கலாமா அக்கா என்று அவன் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.