பத்துக்கு இரண்டு

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தரை துடைக்கிறவள் வாளியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரில்லை அது. சக்கரம் வைத்த மஞ்சள் வாளியை அவள் கடகடவென்று தள்ளிக்கொண்டு வரும் சத்தத்தைக் கேட்டு, சமையல்கட்டில் வேலைபார்த்த இரண்டு தமிழர்கள் வைத்த பெயர். அவர்கள் வேறு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது தமிழே தெரியாத காவலாளிகூட வாயைக் கோணிக்கொண்டு 'வாலியாக்கா' என்றுதான் கூப்பிடுகிறான்.

பதினோரு வருஷமாகத் தரையைப் பார்த்தே வேலை செய்கிறவளுக்கு மனிதர்களின் முகம் கடைசியில்தான் தெரியும். முதலில் தெரிவது பாதம். யார் பயந்துபோய் வருகிறார், யார் சும்மா ஒரு லீவுச் சீட்டு வாங்கிப்போக வருகிறார் என்பதைச் செருப்பு வரும் தினுசிலேயே சொல்லிவிடுவாள். பெரிய டாக்டருக்கு இடது பாதத்தில் ஆணி இருப்பது அவர் மனைவிக்குத் தெரியுமோ என்னவோ, வாளியக்காவுக்குத் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம், வாயைத் திறக்கக் கூடாது. அவளை வேலைக்கு வைத்திருந்தது ஆஸ்பத்திரி அல்ல, துப்புரவுக் கம்பெனி. நோயாளிகளிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். ஆறு மாதத்துக்கு முன் நடைபாதையில் அழுதுகொண்டிருந்த ஒரு மனிதரிடம், "அரை மணி நேரத்தில் உங்கள் மனைவியை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள்" என்று ஆறுதல் சொல்லிவிட்டாள். அரை மணி இரண்டரை மணி ஆயிற்று. அந்த மனிதர் புகார் எழுதினார். கம்பெனி அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தது. இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை போய்விடும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போய்விடும். ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்துக்காக வாளியக்கா வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அவசரப் பிரிவில் உட்கார இடமில்லை. நான்காம் நம்பர் படுக்கைக்கு வெளியே துடைத்துக்கொண்டிருந்தபோது திரைக்குள்ளிருந்து தமிழ் கேட்டது. அதுவும் என்ன தமிழ்! போனில் மொழிபெயர்க்கிற சேவையிலிருந்து ஒரு குரல் கணீரென்று முழங்கிற்று.

"தங்களுக்கு ஏற்பட்டுள்ள வலியின் அளவை ஒன்று முதல் பத்து வரையிலான எண்களில் குறிப்பிடுமாறு மருத்துவர் கேட்டுக்கொள்கிறார்."

அப்புறம் ஒரு பெண்ணின் சின்னக் குரல்.

"ரெண்டுங்க."

"இரண்டு என்று பதிவு செய்யலாமா?"

"ஆமாங்க. ரெண்டுதாங்க. பரவாயில்லங்க."

வாளியக்காவின் கை நின்றது. திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்த காலின் விரல்கள் மடங்கி, நகமெல்லாம் ரத்தம் வற்றி வெளுத்திருந்தன. டாக்டரின் ஷூ ஒரு அடி முன்னால் வந்து நின்றது. வயிற்றை அழுத்திப் பார்த்திருப்பார். அந்தப் பாதம் நடுங்கிற்று. மேலே ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டாம், மண்ணாங்கட்டி! வாளியக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, இதே கட்டிடத்தில், இதே கேள்விக்கு அவளும் இரண்டு என்றுதான் சொன்னாள். ஒன்று என்றால் எதற்கு வந்தாய் என்பார்கள். மூன்று என்றால் கூடுதலாகத் தொந்தரவு கொடுத்ததாகிவிடும். ஆக இரண்டு. ஒன்பது நாள் ஒற்றைக் கையால் மாப் தள்ளினாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வோமா? அந்த மாதிரி ஒரு கூச்சம். அவர்கள் நம்மை உள்ளே விட்டதே பெரிசு, இதில் வலிக்கிறது வேறா என்று மனசு தானாகவே அடங்கிப்போகிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் விரலில் கதவு இடித்தாலே ஒன்பது சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் வீடு, அவர் கத்துகிறார்.

திரை விலகிற்று. இளம் டாக்டர் வெளியே வந்தார். அவர்மேலும் தப்பில்லை. பாவம், காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்திருந்தார், சொன்னதை நம்பினார். வாயுதான், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அங்கே நின்ற நெட்டை நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த திரைக்குள் நுழைந்துவிட்டார்.

கண்டும் காணாமல் போயிருக்கலாம். அடுத்த அறையில் யாரோ வாந்தி எடுத்து வைத்திருந்தார்கள், போய் அதைத் துடைத்திருக்கலாம். மகளின் முகம் ஒரு தடவை வந்துபோனது. வாளியக்கா மாப்பை நான்காம் நம்பர் படுக்கைக்கு அடியில் விட்டுக்கொண்டே திரைக்குள் நுழைந்தாள்.

"ஏம்மா, எத்தன நாளா வலிக்குது?"

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"அக்கா... நீங்க தமிழா?"

அவ்வளவுதான். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை மடமடவென்று கொட்டிற்று.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல சொல்லு."

"மூணு நாளாக்கா. வாந்தி வேற. நேத்து சாயங்காலம் உயிரே போற மாதிரி இருந்துச்சு. காலைல பட்டுன்னு நின்னுடுச்சு. சரி, விட்டுதுன்னு பாத்தா, இப்ப வயிறு முழுக்கப் பிடிக்குது. குளுருது."

"இதெல்லாம் டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"வெளிய அவ்ளோ பேர் நிக்கறாங்கக்கா. அவர் வேற பாவம் நின்னுக்கிட்டே இருக்காரு. எங்க வீட்டுக்காரர் லாரில போயிருக்காரு, வர நாலு நாளாகும். தனியா வந்து பத்துன்னு சொன்னா, என்னடா இது வந்ததும் வராததுமா ஆர்ப்பாட்டம் பண்ணுதுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைச்சா நெனைக்கட்டும். செத்தப்புறம் நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போற?"

சொன்ன பிறகுதான் வார்த்தை கடுமையாகிவிட்டது என்று தோன்றிற்று. பாதங்களை மறுபடி பார்த்தாள். மாப்பை அங்கேயே சாய்த்துவிட்டு நெட்டை நர்ஸைத் தேடி ஓடினாள்.

நெட்டை நர்ஸ் மாத்திரைச் சீட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். அவளும் இந்த நாட்டுக்காரி அல்ல. இரண்டு கடல் தள்ளியிருக்கிற எங்கோ ஒரு தீவு அவளுக்கு ஊர். வாளியக்காவுக்கு இந்த ஊர்ப் பாஷை அரைகுறை, நர்ஸுக்கு முக்கால். இரண்டையும் கூட்டிக் கழித்து விஷயத்தைச் சொல்லி முடித்தாள். வலி இரண்டு இல்லை. மூன்று நாள். வாந்தி. நேற்று உச்சம், காலையில் நின்றது, இப்போது வயிறு முழுக்க.

நர்ஸ் அவள் சட்டையில் குத்தியிருந்த கம்பெனி அட்டையைப் பார்த்தாள். சட்டம் அவளுக்கும் தெரியும்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

வாளியக்கா குனிந்து, திரைக்குக் கீழே கையைக் காட்டினாள். நர்ஸும் தன் நெட்டை உடம்பை மடக்கிக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"என் அம்மாவும் இப்படித்தான். எத்தனை வலித்தாலும் சும்மா என்பாள்" என்றாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நர்ஸ் உள்ளே போய் வயிற்றைத் தொட்டாள். முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தொட்டாள். டாக்டரைக் கையோடு இழுத்துவந்தாள். யார் சொன்னது என்று டாக்டர் சிடுசிடுத்தார். நானே கவனித்தேன் என்று சொல்ல நர்ஸ் வாயெடுத்தாள். அவள் அப்படிச் சொல்லியிருந்தால் வாளியக்கா தப்பித்திருப்பாள். ஆனால் தமிழ் தெரியாத உனக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் நர்ஸ் மாட்டிக்கொள்வாள் என்று வாளியக்காவுக்குப் பட்டதும், "நான்தான்" என்று முன்னால் வந்து நின்றுவிட்டாள். நின்றது நின்றதுதான்.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியிருந்தது. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் வாளியக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாளியக்காவும் கதவு வரைக்கும் கூடவே போனாள். வீட்டுக்குப் போய் இன்னும் சில மணி நேரம் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று சாயங்காலம் நர்ஸ் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு வாளியக்காவைக் கட்டிக்கொண்டாள். நெட்டையின் முகவாய் இவள் உச்சந்தலையில் இடித்தது.

அன்றைக்கு அந்தப் பெண்ணைக் காப்பாற்றியவர்களை வாளியக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். நர்ஸ் ஒரு தீவிலிருந்து வந்தவள். ஆபரேஷன் செய்த டாக்டரின் அப்பா சின்ன வயதில் போருக்குத் தப்பி நடந்தே எல்லை தாண்டியவராம். மயக்க மருந்து கொடுத்தவர் பனி கொட்டுகிற ஊர்க்காரர். படுக்கையைத் தள்ளியவனுக்கு ஊர் பாலைவனத்துப் பக்கம். இவர்கள் எல்லாரும் ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் ஆஸ்பத்திரியில் கட்டிடம் மட்டும்தான் மிஞ்சும். கட்டிடத்தைக் கட்டியவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். யார் யாரோ எங்கெங்கிருந்தோ புறப்பட்டு, சரியாக அன்றைக்குக் காலை பத்து மணிக்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முகம் தெரியாத அவர்கள் அப்பா அம்மாவுக்கெல்லாம் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

கும்பிட்டதோடு முடியவில்லை. துடைக்கிறவள் நோயாளியிடம் பேசினாள் என்று ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து புகார் படிவம் கம்பெனிக்குப் போயிருந்தது. மூன்று நாள் அவளுக்குத் தூக்கமில்லை. அறையில் கூடத் தங்கியிருந்தவளிடம் இரவல் கேட்டு வைத்த பெட்டியைக் கட்டிலடியில் தயாராக வைத்தாள். மகளிடம் போனில் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்.

நான்காம் நாள் மதியம் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று படிவம். இன்னொன்று அந்த இளம் டாக்டர் தன் கையால் எழுதிய கடிதம். சூப்பர்வைசர் அதை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார்: 'நான் ஒரு நோயாளியைச் சாக அனுப்ப இருந்தேன். நான் கேட்காத கேள்வியை இந்தப் பெண் கேட்டார். அவரைத் தண்டிப்பதென்றால் முதலில் என்னைத் தண்டியுங்கள்.'

சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அடுத்த தடவை முதலில் நர்ஸிடம் சொல். அப்புறம் நோயாளியிடம் பேசு. எனக்கும் எழுத்து வேலை மிச்சம்" என்றார்.

வாளியக்கா வெளியே வந்தாள். சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிஷம்தான் இருந்தது. பிரிக்காத சாப்பாட்டுப் பையோடு நேரே மூன்றாம் மாடிக்குப் போனாள்.

அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. பக்கத்தில் அவள் புருஷன், லாரிக்காரன். பாதி வழியில் சரக்கை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருந்தான். வாளியக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டென்று கதவோரம் வேறு யாரோ சாய்த்து வைத்திருந்த மாப்பை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க உக்காருங்கக்கா. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, வச்சிடு தம்பி! தண்ணியப் பிழியாம தள்றியே, யாராவது வழுக்கி விழுந்தா அதையும் நான்தான் பாக்கணும்."

அந்தப் பெண் சிரித்தாள். தையல் இழுத்தது போலிருக்கிறது, "ஆ, ரொம்ப வலிக்குது!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். வாளியக்காவுக்கு அந்தக் கத்தல் காதுக்கு அத்தனை இனிமையாக இருந்தது.

"எங்கம்மா உங்களப் பாக்கணும்னு காலைலேருந்து உயிர எடுக்கறாங்கக்கா" என்று சொல்லி அந்தப் பெண் போனை நீட்டினாள்.

திரையில் ஒரு வயதான அம்மாளின் முகம் தெரிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நன்றி என்றோ தெய்வம் என்றோ ஏதாவது சொல்லப்போகிறார், என்ன பதில் சொல்வது என்று வாளியக்கா தவித்தாள். அந்த அம்மாள் கேட்டது வேறு.

"சாப்டியாம்மா?"

"ஆச்சும்மா. இப்பதான்."

"பொய்ம்மா!" என்றாள் கட்டிலில் இருந்தவள். "மணி ரெண்டரை ஆகுது. சாப்பாட்டுப் பையக்கூடப் பிரிக்கல. கண்ணெல்லாம் உள்ள போய்க் கெடக்கு. மூணு நாளாத் தூங்கியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன்."

வாளியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்லப் பார்த்தாள்.

"உக்காரு மொதல்ல" என்று கடல் தாண்டி அதட்டல் வந்தது. "உக்காந்து பிரி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நீ சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்."

லாரிக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்தப் பெண் போனைத் தலையணையில் சாய்த்துத் திருப்பி வைத்தாள். வாளியக்கா பையைப் பிரித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. வந்து பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள்.