உறவினர் இல்லாத ஊரில் மூன்று நாட்கள்

1

இது ஒரு கட்டுரையாகத் தொடங்கியது. எங்கள் ஆக்லாந்துத் தமிழ் மலரின் ஆசிரியர் கணேசமூர்த்தி, 'ஐரோப்பிய நகரம் ஒன்றில் மூன்று நாட்கள்: என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்' என்று பயணக் கட்டுரை ஒன்று கேட்டார். சரி என்றேன். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, நியூசிலாந்துக்கு வந்து ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் வீடு வாங்கிய எனக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்றைக்கும் கோலாலம்பூர் விமானம்தான். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

ஸ்பெயினின் தெற்கே, நதிக்கரையில் எழிலோடு வீற்றிருக்கும் செவில்லா நகரம், காண்போர் கண்களுக்கு—

நிறுத்திவிட்டேன். எந்த ஊர் வீற்றிருக்கிறது? மறுபடியும்:

செவில்லாவில் நீங்கள் தவறவிடவே கூடாத—

இதுவும் சரிவராது. எனக்குத் தெரிந்து செவில்லாவுக்குப் போய்வந்த ஒரே ஆள் உஷா. அவள் அங்கே பாதியைத் தவறவிட்டுவிட்டு, மனம் நிறையத் திரும்பியிருக்கிறாள். ஆகவே கட்டுரையைக் கைவிடுகிறேன். உஷாவை எழுதுகிறேன்.

2

ஆக்லாந்தின் தெற்கே பாபடோயிட்டோயில் ஒரு மழலையர் பள்ளியில் உஷாவும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் தவராசா விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறார். இருவரும் இதற்கு முன்பு இரண்டு தடவை ஐரோப்பா போயிருக்கிறார்கள். ஆனால் உஷாவைக் கேட்டால், அவள் பார்த்த ஐரோப்பா முழுக்க வரவேற்பறைகள்தான். பாரிசில் அண்ணன் வீடு, ஜெர்மனியில் சித்தி வீடு, லண்டனில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. எல்லா ஊரிலும் ஒரே சோபா, ஒரே கத்தரிக்காய்க் குழம்பு, 'ஏன் மெலிஞ்சு போனாய்' என்ற ஒரே கேள்வி.

இந்த முறை சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்குத்தான் போவது என்று உஷா சொல்லிவிட்டாள். மகள் சிவானி வரைபடத்தைப் பார்த்துத் தேடினாள். நாம் நிற்கிற இடத்திலிருந்து பூமியை நேராகத் துளைத்துக்கொண்டு போனால் ஏறக்குறைய தென் ஸ்பெயினில் வெளியே வரலாமாம். அதற்கு மேலும் தூரம் போனால் திரும்பி வருவதாகிவிடும். அப்படித்தான் செவில்லா முடிவானது. பாரிஸ் அண்ணன் மகேசனுக்குச் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் தவராசாவை ஒரு கடுமையான கணவராக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. உஷா படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த மனுசனுக்கு ஆட்கள் இல்லாவிட்டால் சோறு இறங்காது, அவ்வளவுதான் என்றாள். அடித்துத் திருத்தியிருக்கிறேன்.]

3

முதல் நாள். தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள். கீழே விழுந்த ஒன்றைத் தவராசா உரித்துச் சாப்பிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினார். அது மர்மலேட் செய்கிற கசப்புச் சாதி என்று பிறகுதான் தெரிந்தது. பேராலயத்தின் கோபுரத்தில் ஏறினார்கள். அதில் ஏறக்குறைய படிகளே கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதைதான். பழைய காலத்தில் குதிரையிலேயே மேலே போவார்களாம். முழங்கால் வலிக்காமல் உச்சிக்குப் போன உஷா, வெள்ளை வீடுகளையும் நதியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அவள் யாருக்கும் தங்கச்சி இல்லை, மருமகள் இல்லை. அந்த நிம்மதியை எனக்கு விவரிக்க அவளுக்கு வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை. காற்று அவளுடைய—

வேண்டாம். காற்றை விட்டுவிடலாம். நடந்ததைச் சொல்கிறேன்: பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது, "நீங்கள் மகேசன் அண்ணையின்ர தங்கச்சியெல்லோ?"

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம். தவராசாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். அவர்கள் கோபுரத்தை விட்டு இறங்குவதற்குள் படம் பாரிசுக்குப் போய்விட்டது.

அன்று பின்னேரமே மகேசன் அழைத்தார். கோபப்படவில்லை. அது இன்னும் மோசம் என்றாள் உஷா. இரண்டரை மணிநேரம் பறந்தால் வந்துவிடலாம், நாளைக்கு வருகிறேன் என்றார். உஷா தன் வாழ்நாளில் அண்ணனிடம் சொல்லியிராத ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணா, வராதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் தனிய இருக்க வந்தனாங்கள்."

மகேசன், டிக்கெட் எடுத்தாயிற்று என்று மெதுவாகச் சொன்னார்.

4

மறுநாள் மதியம் தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினார். பைக்குள் மட்டன் ரோல்ஸ். உஷா முகம் கொடுக்கவில்லை. தவராசா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசினார். பார்க்க என்ன இருக்கிறது என்று மகேசன் கேட்டதற்கு, கையை நீட்டிக் கோபுரத்தைக் காட்டிவிட்டு உஷா முன்னால் நடந்தாள்.

கோபுர வாசலில் மகேசன் நின்றுவிட்டார். நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், பைகளைத் தாருங்கள், நான் கீழே நிற்கிறேன் என்றார். வெகு இயல்பாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

உஷாவுக்கு அந்தக் கைகள் தெரியும். பாரிசுக்குப் போன இரண்டு தடவையும் ஐஃபெல் கோபுரத்தின் கீழே அவளுடைய குளிர்ச்சட்டையையும் குழந்தையின் தள்ளுவண்டியையும் வாங்கிக்கொண்டு நின்ற கைகள்.

"அண்ணா, நீங்கள் பாரிசில அந்தக் கோபுரம் ஏறினனீங்களோ?"

"நான் எங்க ஏறுறது. வாற ஆக்களுக்குக் காட்டுறதுதான். ஆராவது சாமான் பாக்கோணுமெல்லோ."

(இதைச் சொல்லும்போது அவர் குரலில் துயரம் இருந்ததா என்று உஷாவைக் கேட்டேன். இல்லையாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாராம். துயரத்தைச் சேர்க்க எனக்கு ஆசைதான். சேர்க்கவில்லை.)

உஷா அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கினாள். "ஏறிப்போட்டு வாங்கோ. நான் கீழ நிக்கிறன்."

மகேசன் தயங்கினார். தவராசா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உஷா வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். கோபம் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் உட்கார இடம் கேட்பதை நிறுத்திவிட்டது என்றாள். (இது அவளுடைய வாக்கியம். நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.) வெகுநேரம் கழித்து மகேசன் இறங்கி வந்து, பையைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மேலே போனதும் அவர் ஊரைப் பார்த்தபடி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நகரவே மறுத்துவிட்டார் என்று தவராசா பிறகு சொன்னார்.

5

சாயங்காலம் அரைவட்டமாகக் கட்டிய ஒரு பெரிய சதுக்கத்துக்குப் போனார்கள். அதற்குள் ஒரு வாய்க்கால், வாடகைக்குத் துடுப்புப் படகுகள். மூவரும் ஒரு படகில் ஏறினார்கள். மகேசன் துடுப்புப் போட்டார். படகு ஒரே இடத்தில் சுற்றியது. வேறொரு படகில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். இவர்களும் சிரித்தார்கள். பாலத்தின் கீழ் நிழலுக்குள் போனதும் மகேசன் துடுப்பை நிறுத்திவிட்டு, தங்கையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. நான் வந்தது உனக்குக் கரைச்சலோ?"

6

முடிவு ஒன்று: உஷா 'ஓம்', தொந்தரவுதான் என்றாள். அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள், கண் சிமிட்டாமல்.

முடிவு இரண்டு: உஷா வாயே திறக்கவில்லை, ஒரு ரோலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். இது தவராசா சொன்னது. அருகில் நின்ற உஷா, நீங்கள் அந்தப் பிள்ளைகளின் படகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள்.

முடிவு மூன்று: அவள் 'இல்லை' என்று சொன்னாள், அதை அவர் நம்பவில்லை— இது என் கற்பனை. நான்கூட நம்பவில்லை.

மகேசனின் எண் என்னிடம் இருக்கிறது. உஷாதான் கொடுத்தாள், வேண்டுமென்றால் கேட்டுப்பார் என்று. நான் அழைக்கப்போவதில்லை. கணேசமூர்த்திக்கு இதை இப்படியே அனுப்பிவிடப் போகிறேன்.

அந்தப் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையோ பொய்யோ மௌனமோ, உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மகேசன் தங்கியிருந்த விடுதிக்கு உஷா தானாகவே போய்க் கதவைத் தட்டினாள். மூவரும் நதியைத் தாண்டி, பெயர் தெரியாத தெருக்களில் வழி தவறி, பொழுது சாயும்வரை நடந்தார்கள். நீங்கள் எழுதுகிற பதிலுக்குப் பிறகு, அந்தக் கதவு தட்டப்பட வேண்டும்.