மிஸ் ரூபி செத்துப்போன செய்தி

முழங்கால் வலிக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதால்தான் மரகதம் ஆக்லாந்தில் தன் வீட்டுப்பக்கம் கிளென் ஈடன் ஹாலில் நடக்கும் நடன வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாவது சனிக்கிழமை, வகுப்பு நடத்தும் வைஷாலி புதிதாக ஒரு பாட்டைப் போட்டாள். தாளம் இந்தக் காலத்துத் தாளம். ஆனால் பாட்டின் நடுவில், பாடிக்கொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். மரகதம் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றுவிட்டாள்.

அது அவளுடைய சிரிப்பு. எண்பத்தைந்தில், கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில், டிரம்ஸ் வாசித்தவரின் குச்சி கைநழுவிப் பறந்தபோது வந்தது. நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார்கள். கேசட் அட்டையில் யாரோ ஒரு மாடலின் படம். பெயர் 'மிஸ் ரூபி'. ஒரு வருடம் கல்லூரி விழாக்களிலெல்லாம் அந்தப் பாட்டுக்குத்தான் ஆடினார்கள். பிறகு கல்யாணம், ஆக்லாந்து. அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வைஷாலி, இதைப் பாடினது நான்தாம்மா."

"ஆன்ட்டி, இது மிஸ் ரூபி! இந்த வருஷம் லண்டன், கோலாலம்பூர், எங்க பாத்தாலும் இந்த ரீமிக்ஸ்தான். நான் டான்ஸ் பக்கம் வந்ததே இவங்க பாட்டாலதான்."

"அந்த ரூபியே நான்தான்."

வைஷாலி தயங்கிப் போனை நீட்டினாள். ரசிகர்கள் நடத்தும் பக்கம். மிஸ் ரூபி, இயற்பெயர் சாந்தகுமாரி, எண்பத்தொன்பதில் விபத்தில் காலமானார். கீழே ஆறு பாடல்கள்.

"தண்ணி குடிக்கிறீங்களா ஆன்ட்டி?"

அந்தப் பரிவுதான் மரகதத்தைச் சுட்டது.

வீட்டில் ஆறையும் கேட்டாள். முதல் மூன்றும் அவளுடையவை, சந்தேகமில்லை. நான்காவது நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசி இரண்டையும் அவள் கேட்டதேயில்லை. ஆனால் குரல் அதே குரல். பாடிவிட்டு மறந்துவிட்டோமா என்று பயம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு எழுதிப்போட்டாள். நான்காம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது: 'நான் சாந்தகுமாரியின் தங்கை புஷ்பவதி. செத்துப்போன எங்கள் அக்காவின் பெயரைப் பறிக்காதீர்கள்.' கீழே போன் நம்பர்.

கூப்பிட மரகதத்துக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, வகுப்புக்கு முன்பு, வைஷாலியே நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"எங்க அக்கா ரூபியா மேடை ஏறினதை நான் கண்ணால பாத்தேங்க," என்றாள் புஷ்பவதி எடுத்த எடுப்பிலேயே.

"எந்த வருஷம் பாட ஆரம்பிச்சாங்க?"

"எண்பத்தேழு."

"எனக்கு எண்பத்தாறுல கல்யாணம் ஆயிடுச்சும்மா. அதோட பாடறதை விட்டுட்டேன்."

புஷ்பவதி மெதுவாகக் கேட்டாள், "அப்போ உங்க பேரை அக்காவுக்குக் குடுத்துட்டாங்களா? கம்பெனி உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல. உங்க அக்காவுக்கு என்னைப் பத்தித் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பா."

வைஷாலி பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று மரகதத்துக்கு, இரண்டு சாந்தகுமாரிக்கு என்று தகராறில்லாமல் முடிந்தது. நான்காவது பாட்டில் இருவரும் தடுமாறினார்கள்.

"இது அக்கா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு," என்றாள் புஷ்பவதி.

மரகதம் கண்ணை மூடிக் கேட்டாள். வரிகள் பிசகாமல் வாயில் வந்தன. பாடியதால் வந்தனவா, ரேடியோவில் கேட்டதால் வந்தனவா? என்னுடையது என்று சொல்லிவிட்டால் மறுக்க ஆளில்லை.

"எனக்கும் தெரியலம்மா," என்றாள்.

அந்த வாரமே ரசிகர் பக்கத்தில் மாற்றி எழுதினார்கள். இரண்டு பெயர்கள் வந்தன. நான்காவது பாட்டுக்கு நேரே மட்டும் வெறுமனே 'மிஸ் ரூபி'.

அன்று பேசி முடித்துப் போனை வைத்தபோது வகுப்புக்கு மற்றவர்கள் வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். எதைப் போடட்டும் என்று வைஷாலி கேட்டாள். சாந்தகுமாரி பாடிய ஐந்தாவதைப் போடச் சொன்னாள் மரகதம். பழக்கமில்லாத பாட்டு. கடைசிவரை ஒரு அடி பின்தங்கியே ஆடினாள்.