கையால் அணைக்கிற லைட்

புது வண்டி தன் லைட்டைத் தானே அணைத்துக்கொள்ளும் என்று முதலாளி சொன்னபோது டிரைவர் செக்கிங் நம்பவில்லை. நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தால் போதும், ஒரு நிமிஷத்தில் முன் லைட் அதுவாகவே அணைந்துவிடும், பேட்டரி இறங்கிவிடுமே என்ற கவலையே வேண்டாம் என்றார் முதலாளி. அணைக்கச் சொல்லி அதுக்கு யார் சொல்றா என்று கேட்டார் செக்கிங்.

"அதுக்கே தெரியும்ணே."

எனக்குத் தெரியும் என்று சொல்கிற மனுஷனையே அவர் நம்பியதில்லை. இது இரும்பு.

இருபத்தாறு வருஷமாகச் சவ வண்டி ஓட்டுகிறவர் அவர். வண்டிப் பக்கவாட்டில் வேறு மரியாதையான பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. உள்ளே கிடப்பது சவம், ஓடுவது வண்டி, இதில் என்ன பூச்சு என்பார். பின்கதவை மூடினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். டயரை உதைத்துப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் மீட்டரையும் பார்ப்பார், போடுகிறவன் முகத்தையும் பார்ப்பார். அதனால் வந்த பெயர்தான் செக்கிங். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது.

புது வண்டி வந்த முதல் வாரம், தினமும் ஷெட்டில் நிறுத்திவிட்டு அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைட் அணைகிறவரைக்கும் நின்றார். அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார், மறுபடி எரிந்து தொலைக்குமோ என்று. ஒரு நாள் பாதி தூரம் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தார். ஃபிரிட்ஜைச் சாத்தினால் உள்ளே லைட் அணைகிறதா என்று பார்க்க உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற ஆள் என்று முதலாளி சிரித்தார். செக்கிங் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கிண்டலைச் செய்கிற ஆள் வேறு. அந்த ஆள் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அவருக்குப் பெயர் மைக்செட். பத்தொன்பது வருஷமாகச் செக்கிங்குக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர், பெட்டியின் தலைமாட்டைத் தூக்குகிறவர். தொண்டை அப்படி. ரகசியம் சொன்னால் தெருக்கோடியில் கேட்கும். இழவு வீட்டு வாசலில் அவர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கே தனிச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பார் பழைய முதலாளி. ஆனால் இருந்தார். சாவு வீட்டில் ஒரு சொல் பேசமாட்டார். வண்டி காலியாகத் திரும்பும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுவார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தொழிலில் ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பட்டப்பகலானாலும் முன் லைட்டைப் போடுவார்கள். வெயிலில் லைட் எரிகிறதா இல்லையா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் மைக்செட் இறங்கி வண்டி முன்னால் நின்று, லைட்டுக்கு நேராக உள்ளங்கையை நீட்டுவார். கையில் வெளிச்சம் விழுந்தால் எரிகிறது என்று தலையாட்டுவார். இடுகாட்டில் வண்டியைக் குழிக்கு முகம் பார்த்து நிறுத்துவார்கள். பெட்டியை இறக்கியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அழுகிறவர்கள் பக்கத்தில் இன்ஜின் உறுமக்கூடாது, புகை போகக்கூடாது. அது மைக்செட் போட்ட சட்டம். லைட் மட்டும் எரியும். மண் மூடி முடிந்ததும் செக்கிங் ஏறி உட்கார்ந்து அந்தப் பழைய குமிழைத் தள்ளுவார். டக்கென்று ஒரு சத்தம். லைட் அணையும். ஜனங்கள் கலைவார்கள்.

ஏனென்றால், குழி மூடிய பிறகு, சரி போகலாம் என்று யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். சொல்கிறவன் கல்நெஞ்சன் ஆகிவிடுவான். அதனால் எல்லாரும் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்கள். நாம சொன்னா கோவம் வரும், லைட்டு சொன்னா யாருக்கும் கோவம் வராது என்பார் மைக்செட். லைட் அணைந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இதையெல்லாம் அவர் தினமும் சாப்பிடும்போது வீட்டில் சொல்வார். அவர் மனைவி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஒரு நாளும் இடுகாட்டுக்கு வந்ததில்லை, ஆனால் அந்த வேலையின் சட்டம் அத்தனையும் அவளுக்குப் பாடம்.

மைக்செட்டுக்குத் தொண்டையில்தான் புற்று வந்தது. வேறு எங்கே வந்திருந்தாலும் செக்கிங் ஒத்துக்கொண்டிருப்பார். அறுத்து எடுத்த பிறகு குரல் காற்றாகப் போய்விட்டது. கட்டில் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். புது வண்டி வந்திருக்காமே என்று கேட்டார். ஆமாம், பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றார் செக்கிங். மைக்செட் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அதுவே அணைச்சுக்குதாமே?"

"சொல்றாங்க. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு அது வேணாம்யா. நீ அணை. மண்ணு மூடினப்புறம் உன் கையால அணை."

வாயை மூடிக்கிட்டுப் படு என்று திட்டினார் செக்கிங். திட்டிய பிறகு, சரி என்றார். மனைவி கால்மாட்டில் நின்று இரண்டையும் கேட்டாள்.

அதிலிருந்து செக்கிங்குக்கு ஒரே வேலைதான். மண் மூடுகிறவரைக்கும் இந்த வண்டியின் லைட்டை எப்படி எரிய வைப்பது? முதலாளியை உட்காரவைத்து வண்டிப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். லைட் போடுகிற திருகை 'ஆட்டோ' என்று எழுதிய இடத்திலிருந்து நகர்த்தி எரியும் பக்கம் வைக்கவேண்டும், இன்ஜினை அணைத்தாலும் சாவியை எடுக்காமல் ஒரு படி திருகி வைத்திருக்கவேண்டும், அப்படியானால் எரிந்துகொண்டே இருக்கும் என்று படித்துச் சொன்னார் முதலாளி. சாவியை உருவினால் ஒரு நிமிஷம்தான், பிறகு வண்டியே அணைத்துவிடும். செக்கிங் புத்தகத்தையும் நம்பவில்லை. ஒரு காலையில் ஷெட்டில் அப்படியே வைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து லைட்டுக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்தார். ஐம்பது நிமிஷம் எரிந்தது. பிறகு வண்டியைக் கிளப்பினார், கிளம்பியது. மறுநாளும் அதையே செய்தார். மறுநாளும் எரிந்தது. அதன் பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பேசிய பதினோராம் நாள் மைக்செட் போய்விட்டார்.

வெயில் ஏறிய காலை. வீட்டுவாசல் சந்து குறுகல். பெட்டியின் தலைமாட்டைத் தூக்க முதலாளி முன்னால் வந்தார், பழக்கமில்லாதவர், முட்டி இடித்துக்கொண்டார். மனைவி அழவில்லை. கணவனின் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள், அதைப் பெட்டிக்குள் வைத்தாள். செக்கிங் ஏறி உட்கார்ந்து லைட்டைத் திருகினார். கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார், கை நீட்ட அங்கே யாரும் இல்லை. இறங்கித் தானே நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

இடுகாட்டில் வண்டியைக் குழிக்கு நேராக நிறுத்தினார். நாற்பது அடி இருக்கும். இன்ஜினை அணைத்தார். சாவி ஒரு படி, திருகு எரியும் பக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். அப்போது பின்பக்கம் முதலாளி கூப்பிட்டார், பெட்டி நழுவுகிறது என்றார். செக்கிங் இறங்கி ஓடினார். இறங்கும்போது அவர் வலது கை சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டது.

அது இருபது வருஷப் பழக்கம். முன்பு ஒரு வீட்டில் பெட்டியை ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அதற்குள் தண்ணீர் லாரிக்கு வழிவிட என்று எவனோ ஒரு மச்சான்காரன் வண்டியை எடுத்து அடுத்த தெருவில் விட்டுவிட்டான். பத்து நிமிஷம் பிணத்தைக் காணோம். அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கினால் சாவி அவர் பையில்தான். யாரையும் நம்பாத கை அது. அவர் மனசு பெட்டியில் இருந்தது, கை தன் வேலையைச் செய்துவிட்டது. திரும்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. லைட் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, அதற்கு இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி.

கயிற்றைப் பிடித்து நாலு பேராகப் பெட்டியை இறக்கினார்கள். அடியில் போய் உட்கார்ந்தது. கயிற்றை உருவினார்கள். செக்கிங் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முதலில் போடச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குழிக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தாள்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மண்ணுகூடப் போடாம போறாளே என்று ஒரு கிழவர் முனகினார். செக்கிங்குக்குத்தான் புரிந்தது. திரும்பினார். மரத்து நிழலில் நின்ற வண்டியின் இரண்டு லைட்டும் கண் மூடிக் கிடந்தன. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது.

ஆயிரத்துக்கும் மேல் பெட்டி இறக்கிய குழிக்கரையில் அதற்கு முன்பு அவருக்கு எதுவும் பிசகியதில்லை.

முதலாளி கிட்டே வந்து மெல்லச் சொன்னார், பரவாயில்லைண்ணே, யார் அணைச்சா என்ன, மேலே ஆகட்டும் என்று. செக்கிங் அவரைத் தாண்டிப் போனார். மனைவி பாதையில் பத்துப் பன்னிரண்டு அடி போயிருந்தாள். சட்டம் தெரிந்தவள், திரும்பிப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நில்லு."

நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

"அணைஞ்சிருச்சேண்ணே. அணைஞ்சா போயிடணும்னுதானே சொல்வாரு."

"அது அணைச்சிருக்கு. நான் இன்னும் அணைக்கலை."

அவராகவே அணைச்சிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சேன் என்றாள் மெதுவாக. அப்படியே விட்டுவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அவளுக்கும் ஆறுதல், அவருக்கும் மானம் போகாது. செக்கிங் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அவன் அணைக்கலை. பேய் பிசாசும் இல்லை. நான் புத்தி கெட்டுப்போய் சாவியை உருவிட்டேன். அவனுக்குச் சொன்ன ஒரே சொல்லு, அதைக் கெடுத்தது என் கை. நீ வந்து மண்ணு போடு. அப்புறம் அணைக்கிறேன்."

அவள் இப்போதுதான் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகச் சாப்பாட்டு வேளையில் கேள்விப்பட்ட ஆள், எதையும் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். அவர் கண் கலங்கி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, காலையிலிருந்து வராதது.

செக்கிங் வண்டிக்குப் போய் ஏறினார். சாவியைப் போட்டு ஒரு படி திருகினார். லைட்டைத் திருகினார். காற்றில் கிளை விலகி வெயில் கண்ணாடியில் அடித்தது, எரிகிறதா என்று தெரியவில்லை. இறங்கலாம் என்று கதவில் கை வைத்தபோது முன்னால் அவள் வந்து நின்றிருந்தாள். மண் ஒட்டாத, இஸ்திரிச் சூடு பட்டுப் பட்டுத் தடித்த கையை லைட்டுக்கு நேராக நீட்டினாள். யாரும் அவளுக்குக் காட்டித் தந்ததில்லை. உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். இரண்டடி போய் நின்று, திரும்பிச் சாவியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் மண் போட்டாள். எல்லாரும் போட்டார்கள். மண்வெட்டியை முதலாளியிடமிருந்து செக்கிங் வாங்கிக்கொண்டார், யாருக்கும் கொடுக்கவில்லை. மூடி முடித்து மேட்டைத் தட்டிச் சமப்படுத்த அரை மணிக்கு மேல் ஆனது. வழக்கம்போல ஒருவரும் நகரவில்லை.

ஏறி உட்கார்ந்தார். பழைய குமிழாக இருந்தால் டக்கென்று சத்தம் வரும், மைக்செட்டுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இது சத்தமில்லாமல் திரும்புகிற திருகு. பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் திருகினார்.

முன்னால் அவள் கையை நீட்டியபடி நின்றாள். தலையாட்டவில்லை. அவர் இறங்கிப் போய், அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் நீட்டிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. லைட் கண்ணாடியில் சூடு மட்டும் இருந்தது. அது ஆறுகிறவரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜனங்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள்.